வீடு கட்டித் தருபவருக்கு லைசென்ஸ் உண்டா?

வயரிங் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வரைபடத்தில் கையெழுத்திடுபவருக்குப் பதிவு எண் வேண்டும். ஆயுள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் வாங்கிக்கொண்டு வீட்டைக் கட்டுபவருக்கு? புறநகரில் வீடு கட்டக் கிளம்பும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் வேலப்பன்சாவடி. சாலையோரம் பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவமனைகள், நாள் முழுக்க ஓயாத லாரிகள். மெயின் ரோட்டை விட்டுத் தெற்கே நூம்பல் பக்கம் போனாலும், வடக்கே திருவேற்காடு பக்கம் திரும்பினாலும் கட்டுமானம்தான் கண்ணில் படுகிறது. பாதி ரோட்டை அடைத்துக் கிடக்கும் ஜல்லி, தார்ப்பாய் போர்த்திய சிமென்ட் மூட்டைகள், முட்டுக்கொடுத்து நிற்கும் புதுக் கூரை. மின்கம்பங்களில் ‘சதுர அடிக்கு இவ்வளவு, சாவி உங்கள் கையில்’ என்று தட்டிகள். ஒரு பெயரும் ஒரு செல்போன் எண்ணும் அவற்றில் இருக்கும். பதிவு எண் இருக்காது.

இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தமிழ்நாட்டில் ஒருவர் தன் சொந்த மனையில், தான் குடியிருக்க ஒரு வீடு கட்ட யாரை வேண்டுமானாலும் அமர்த்தலாம். பத்து வருடம் கொத்தனாராக இருந்து மேஸ்திரியானவர், சிவில் டிப்ளமா முடித்தவர், சிமென்ட் கடை நடத்திக்கொண்டே கட்டடமும் கட்டுபவர் என எவரும் ‘பில்டர்’ பலகை மாட்டிக்கொள்ளலாம். தனி வீடு கட்டும் ஒப்பந்ததாரருக்கென்று உரிமம் தரும் அமைப்பு இங்கே இல்லை. ‘பொதுப்பணித் துறையில் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்’ என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்திருப்பார்கள். அது அரசு டெண்டரில் கலந்துகொள்வதற்கான வகுப்பு. உங்கள் வீட்டுத் தூணுக்கு அது பொறுப்பேற்காது.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ‘பிளான் அப்ரூவல் வாங்கியிருக்கிறோமே, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே’ என்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கையெழுத்து ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற வேண்டிய தொழில்நெறிஞர்கள் யார் யார் என்று சொல்கின்றன. கட்டட வடிவமைப்பாளர், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுக்கான புவித்தொழில்நுட்பப் பொறியாளர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவர்களின் பதிவைச் சரிபார்க்க முடியும். இவர்கள் வரைபடத்துக்கும் கணக்குக்கும் பொறுப்பு.

நடைமுறையில் நடப்பது வேறு. வீட்டுக்காரர் ஒப்பந்ததாரரிடம் போகிறார். ‘அப்ரூவலை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறார் அவர். அவருக்குத் தெரிந்த ஒரு பொறியாளர் வரைபடத்தில் கையெழுத்திடுகிறார். அந்தப் பொறியாளரை வீட்டுக்காரர் பார்த்திருக்கவே மாட்டார். அவரும் மனையைப் பார்த்திருக்கத் தேவையில்லை. அனுமதி வந்ததும் கட்டும் வேலை மேஸ்திரிக்குப் போகிறது. மேஸ்திரி கம்பி வேலையை ஒரு குழுவுக்கும், சென்ட்ரிங்கை இன்னொரு குழுவுக்கும் பிரித்து விடுகிறார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஒரு தொழிலாளிதான் கடைசியில் தூணுக்கு ரிங் கட்டுகிறார். பதிவு எண் உள்ளவருக்கும் அவருக்கும் நடுவில் மூன்று நான்கு கைகள்.

இந்தச் சங்கிலியில் உரிமம் கேட்கும் ஒரே இடம் மின்சாரம். வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்து, சோதனை அறிக்கை தர வேண்டும். கூரைக்கு அப்படி ஒரு அறிக்கையை யாரும் கேட்பதில்லை.

அரசு ஒதுங்கிக்கொண்ட இடம்

வேலப்பன்சாவடி திருவேற்காடு நகராட்சி எல்லைக்குள், திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) பகுதியில் வருகிறது. முன்பெல்லாம் ஒரு சிறு வீட்டுக்கு அனுமதி வாங்க நகராட்சிக்கு நடையாய் நடக்க வேண்டும். 2024 ஜூலை 22 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த சுயசான்று முறை அதை மாற்றியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரையும் ஒரு மாடியுமோ கொண்ட குடியிருப்பைக் கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனடியாக அனுமதி. கள ஆய்வு கிடையாது. முடிந்த பின் நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை.

நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி. அலைச்சலும், மேசைக்கு அடியில் கை நீட்டும் வாய்ப்பும் குறைந்தன. ஆனால் அந்தப் பெயரிலேயே பொறுப்பு யாருக்கு என்பது இருக்கிறது. விதிப்படி கட்டுவேன் என்று சான்று சொல்பவர் வீட்டுக்காரர். பக்க இடைவெளி குறைந்தாலும் உயரம் கூடினாலும் கேள்வி அவரிடம்தான் வரும். கம்பி குறைந்தால் கேட்க ஆளே இல்லை. பழைய முறையில் வந்த ஆய்வாளரும் கம்பியை எண்ணியதில்லை, இடைவெளியைத்தான் அளந்தார். திட்ட அனுமதி என்பது எங்கே, எவ்வளவு கட்டலாம் என்பதற்கான அனுமதி. எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

ரெரா எனும் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். 2016-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் விற்பனைக்காகக் கட்டப்படும் திட்டங்களுக்கானது. அதிலும் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலமோ, 8-க்கு மிகாத குடியிருப்புகளோ கொண்ட திட்டங்களுக்குப் பதிவு தேவையில்லை. சொந்த மனையில் சொந்தச் செலவில் வீடு கட்டுகிறவருக்கு அங்கே கதவு இல்லை. வங்கிக் கடன் வாங்கியிருந்தால் வங்கியின் பொறியாளர் வருவார். அடுத்த தவணையை விடுவிக்கும் அளவுக்கு வேலை எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். அவர் காப்பது வங்கியின் பணத்தை.

மௌலிவாக்கம் சொன்னது

வேலப்பன்சாவடிக்குத் தெற்கே, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை, கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள். அது அனுமதியில்லாமல் எழுந்த கட்டடம் அல்ல. சிஎம்டிஏ அனுமதி இருந்தது. விசாரித்த நீதிபதி ஆர். ரகுபதி ஆணையம் கட்டமைப்பு வடிவமைப்பில் இருந்த குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது. அதே வளாகத்தில் நின்ற இன்னொரு அடுக்குமாடி 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

ஒரு மாடி வீட்டுக்கும் 11 மாடிக்கும் ஒப்பீடு எதற்கு? மண் ஆய்வு, கட்டமைப்புக் கணக்கு, தளத்தில் கண்காணிப்பு ஆகிய மூன்றும் காகிதத்தில் இருந்தால் போதாது என்பதை அந்த இடிபாடு காட்டியது. சிறு வீடு விழுவது அரிது. அது வேறு விதமாகப் பழிவாங்கும். ஐந்தாம் வருடம் கூரைக் காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். குளியலறைச் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். சுவரும் தூணும் சேரும் இடத்தில் நெடுக விரிசல் ஓடும். அப்போது ஒப்பந்ததாரரின் செல்போன் எண் மாறியிருக்கும்.

கூவம் ஓடும் பகுதி இது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023-ன் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் மனையின் மட்டத்தை மறந்துவிட முடியாது. தெருவுக்குச் சமமாக இருந்த வீடு, ரோடு போடப் போடப் பள்ளமாகிவிடும். தளமட்டம் எவ்வளவு உயரம், அதற்கு எத்தனை யூனிட் மண் அடிக்க வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதெல்லாம் மண்வெட்டி விழும் முன் பேச வேண்டியவை. மண் எப்படிப்பட்டது என்று தெரியாமல் கடைக்காலின் ஆழத்தை யாரும் சொல்ல முடியாது. ‘பக்கத்து வீட்டுக்கு ஐந்தடி போட்டோம், இங்கேயும் அதுவே போதும்’ என்பவரிடம் மண் ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள்.

சதுர அடிக் கணக்கில் ஒளிந்திருப்பது

ஒப்பந்ததாரரைத் தேடுபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘சதுர அடிக்கு என்ன ரேட்?’ அந்தக் கேள்விக்கு வரும் எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

உதாரணத்துக்கு, ஒருவர் 2,300 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 2,600 ரூபாய். 1,200 சதுர அடிக்கு வித்தியாசம் 3.6 லட்சம். முதலாமவர் மலிவு என்று தோன்றும். அவர் சதுர அடியை எங்கே அளக்கிறார்? கூரையின் வெளிவிளிம்பிலிருந்தா, சுவரின் வெளிப்புறத்திலிருந்தா? போர்ட்டிகோவுக்கு முழு ரேட்டா, பாதியா? மாடிப்படி மேல் உள்ள ஹெட்ரூம் கணக்கில் உண்டா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், போர், மொட்டைமாடித் தட்டோடு, தற்காலிக மின் இணைப்பு இவற்றில் எவை அந்த ரேட்டுக்குள் வருகின்றன? டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை? நிலைக்கதவு தேக்கா, வேறு மரமா? இவற்றை எழுதி வாங்காமல் தொடங்கினால், பூச்சு வேலையின்போது ‘அது எக்ஸ்ட்ரா சார்’ என்பது வாரம் ஒருமுறை கேட்கும் வசனமாகிவிடும்.

வேலை கொடுப்பதில் இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று லேபர் கான்ட்ராக்ட்: சிமென்ட், கம்பி, செங்கல் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கித் தருவார், கூலி மட்டும் ஒப்பந்தம். தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் ஜல்லி வரவில்லை என்று வேலை நின்றால் அது உங்கள் தவறு. வீணாகும் பொருளும் உங்கள் செலவு. தினமும் சைட்டில் நிற்க ஆள் இருக்கும் குடும்பத்துக்கு இது சரிவரும். மற்றது மெட்டீரியலோடு சேர்த்த ஒப்பந்தம். இதில் ஜிஎஸ்டியில் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் 18 சதவீதம் வரி வசூலிப்பார்.

இங்கேதான் ஒரு சபலம் வரும். ‘பில் வேண்டாம் என்றால் அந்த 18 சதவீதத்தை மிச்சம் பண்ணலாம் சார், கேஷாகக் கொடுங்கள்.’ 30 லட்சத்தில் 5.4 லட்சம் என்றால் யாருக்கும் கை நீளும். பில் இல்லாத வேலைக்குப் பிறகு சாட்சி இருக்காது என்பதை மறக்க வேண்டாம். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ஓர் ஆண்டில் ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பது 50 லட்சத்தைத் தாண்டினால், சொந்த வீட்டுக்காக என்றாலும், 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வங்கி வழியே போகும் ஒவ்வொரு ரூபாயும் நாளைக்கு உங்களுக்குப் பேசும்.

ஆளைப் பார்ப்பது எப்படி?

ஒப்பந்ததாரர்கள் புதிதாக முடித்த வீட்டைக் காட்டுவார்கள். பெயின்ட் காயாத வீட்டில் எந்தக் குறையும் தெரியாது. நான்கைந்து மழைக்காலம் பார்த்த வீட்டின் முகவரியைக் கேளுங்கள். அங்கே போய் மொட்டைமாடியையும், குளியலறைக்குப் பின்புறச் சுவரையும், சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ‘நல்லா கட்டினாரா?’ என்று கேட்பதைவிட, ‘கடைசிப் பத்து சதவீத வேலை முடிய எத்தனை மாதம் ஆனது?’ என்று கேளுங்கள். பதில் வரும் வேகமே போதும்.

பிறகு, வேலை நடந்துகொண்டிருக்கும் ஒரு சைட்டுக்குச் சொல்லாமல் போங்கள். சிமென்ட் மூட்டைகள் தரையில் கிடக்கின்றனவா, பலகை மேலா? கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, ஜல்லித் துண்டைத் திணித்திருக்கிறார்களா? நேற்றுப் போட்ட தூணில் ஈரச் சாக்கு சுற்றியிருக்கிறதா? தொழிலாளிகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா? ஆட்களை நடத்தும் விதத்திலேயே வேலையை நடத்தும் விதம் தெரிந்துவிடும்.

முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ‘இப்போது எத்தனை வீடு கையில் இருக்கிறது?’ சிறு ஒப்பந்ததாரரிடம் சொந்த முதலீடு குறைவு. உங்கள் அட்வான்ஸில் வேறொருவர் வீட்டுக் கூரை போடப்படும். அடுத்து வருபவர் அட்வான்ஸில் உங்கள் பூச்சு வேலை நடக்கும். புது வாடிக்கையாளர் வரும் வரை சக்கரம் சுற்றும். வராத மாதத்தில் எல்லா வீடும் ஒன்றாக நிற்கும். பாதியில் நிற்கும் வீடுகளுக்குப் பின்னால் ஏமாற்றும் எண்ணம் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பல நேரம் இந்தப் பணச் சுழற்சி அறுந்ததே காரணம்.

ஒப்பந்ததாரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. லின்டல் மட்டத்துக்கு வந்த பிறகு வாஸ்து பார்த்துச் சமையலறையை மாற்றச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. கிரகப்பிரவேசம் முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுக்காமல் இழுப்பவர்களும் உண்டு. கம்பி விலை ஏறினால் யார் தாங்குவது என்று எழுதாமல் விட்ட ஒப்பந்தம் இரண்டு பேரையும் கடிக்கும்.

எழுத வேண்டியதை எழுதுங்கள்

முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் எழுதி, ‘தரமான பொருட்களைக் கொண்டு நல்ல முறையில் கட்டித் தருவேன்’ என்று முடிக்கும் ஒப்பந்தத்தால் பயன் இல்லை. தரமான என்றால் எது? கம்பி எந்தத் தரம், சிமென்ட் எந்த வகை, காங்கிரீட் எம்-20 கலவையா எம்-25 கலவையா, கூரைக்கு எத்தனை அங்குலக் கனம், காங்கிரீட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட், செங்கலா ஃப்ளை ஆஷ் கல்லா ஏஏசி பிளாக்கா, தண்ணீர்க் குழாய் எந்த வகை என்று பட்டியலாக இணைக்க வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் தந்த கம்பி வரைபடமும் ஒப்பந்தத்தின் பகுதி என்று எழுத வேண்டும். பல வீடுகளில் அனுமதி வரைபடம் மட்டுமே இருக்கும். கம்பி வரைபடமே இருக்காது. அது இல்லாமல் கட்டும் மேஸ்திரி அனுபவத்தால் கட்டுகிறார். உங்கள் வீட்டின் அளவுக்கு அந்த அனுபவம் பொருந்துமா என்று சோதிக்க வழியில்லை.

முடிக்க வேண்டிய தேதி, தாமதத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு கழிவு, எக்ஸ்ட்ரா வேலைக்கு முன்கூட்டியே எழுத்தில் விலை, விலையேற்றத்துக்கான வரம்பு, தொழிலாளருக்கு விபத்துக் காப்பீடு எடுப்பவர் யார், பாதியில் விட்டால் அதுவரை நடந்த வேலையை அளப்பவர் யார் என்ற ஆறும் கட்டாயம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. சைட்டில் வேலை செய்பவர்கள் அதில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்பது வீட்டுக்காரருக்கு அதிகப்படியான வேலை அல்ல.

பணம் வேலைக்குப் பின்னால் நடக்கட்டும்

உரிமம் இல்லாத ஒரு தொழிலில் வீட்டுக்காரரிடம் இருக்கும் ஒரே கடிவாளம் பணம் போகும் வரிசை. ‘ஸ்டேஜ் பேமென்ட்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஸ்டேஜ் எங்கே முடிகிறது என்பதில்தான் விஷயம். ‘கூரை போடும்போது 25 சதவீதம்’ என்றால் கம்பி இறக்கும் முன்பே பணம் போய்விடும். ‘கூரை போட்டு, முட்டு பிரித்து, பொறியாளர் பார்த்த பின் 20 சதவீதம்’ என்றால் வேலை முன்னால் போகும்.

30 லட்சம் ரூபாய் வேலைக்கு இப்படி ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின்போது 10 சதவீதம், அதாவது 3 லட்சம். கடைக்காலும் பேஸ்மென்ட்டும் முடிந்தபின் 15. லின்டல் மட்டத்தில் 15. கூரை முடிந்து முட்டு பிரித்தபின் 20. உள்ளும் புறமும் பூச்சு முடிந்தபின் 15. தரை, மின்சாரம், பிளம்பிங் முடிந்து சோதித்தபின் 15. கதவு, பெயின்ட் முடிந்து சாவி தரும்போது 5. மீதி 5 சதவீதம், 1.5 லட்சம், ஒரு ஐப்பசி கார்த்திகை மழை கழிந்த பின். அந்த மழையில் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். சரிசெய்ய அவரை வரவழைக்கும் தொகையும் உங்கள் கையில் இருக்கும். நல்ல ஒப்பந்ததாரர் இதற்கு மறுக்க மாட்டார். தவணையைப் பிந்தாமல் கொடுங்கள் என்றுதான் கேட்பார். அதை நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

முட்டு பிரிப்பதை ஏன் தவணையோடு கட்ட வேண்டும் என்றால், அவசரம் அங்கேதான் நடக்கிறது. சென்ட்ரிங் பொருட்களுக்கு வாடகை ஓடுகிறது. அடுத்த சைட் காத்திருக்கிறது. காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள கூரைக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரை நீளமுள்ள உத்திரத்துக்கு 14 நாள் என்கிறது. அதுவும் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு. சாம்பல் கலந்த சிமென்ட் மெதுவாக இறுகும். அதற்கு இன்னும் நாள் தர வேண்டும்.

உங்களுக்காகப் பார்க்கும் ஒரு கண்

ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளரைத் தனியாக அமர்த்துங்கள். தினமும் வர வேண்டாம். கடைக்கால் தோண்டி முடிந்த நாள், தூண்கம்பி நிறுத்திய நாள், கூரைக்குக் கம்பி கட்டி முடித்த மாலை, காங்கிரீட் போடும் நாள், தண்ணீர்க் கசிவுத் தடுப்பு வேலை நடக்கும் நாள் ஆகிய ஐந்து நேரங்களில் வந்தால் போதும். இவையெல்லாம் மறுநாள் மூடப்பட்டுவிடும் வேலைகள். மூடிய பிறகு பார்க்க உடைக்கத்தான் வேண்டும். அவர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகே அடுத்த வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

வீட்டுக்காரர் தானே பார்க்கக்கூடியவையும் இருக்கின்றன.

சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

தூணின் ரிங் கொக்கிகள் உள்பக்கமாக நன்றாக மடங்கியிருக்க வேண்டும். வெறும் செங்கோணத்தில் நின்றால் பாரம் ஏறும்போது பிரிந்துவிடும்.

கம்பிக்கு வெளியே காங்கிரீட் மூடல் கூரையில் 20 மில்லிமீட்டர், தூணில் 40, கடைக்காலில் 50 இருக்க வேண்டும். கவர் பிளாக் வைக்காத கூரையில் கம்பி அடிப்பலகையோடு ஒட்டிக் கிடக்கும். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

எம்-20 கலவைக்கு ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 27.5 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. வேலை சுலபமாக ஓட வேண்டும் என்று இன்னொரு வாளி ஊற்றுவது காங்கிரீட் நாளில் கண்முன்னே நடக்கும் திருட்டு. திருடு போவது வலிமை.

கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள். சித்திரை வெயிலில் இரண்டு வாரம் தேக்கினாலும் நல்லது.

சுவரில் காடி வெட்டி மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் பதித்த பிறகு, பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது உதவும்.

தகராறு வந்தால்

ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுப்போனால் பலரும் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்புவதே வழக்கம். போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது ‘சேவை’ என்று 1993-லேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவைக்குள் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது.

நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இணையம் வழியாகவும் பதியலாம். 20 முதல் 50 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் ஆணையம் கேட்கும் முதல் கேள்வி, ‘ஒப்பந்தம் எங்கே, பணம் கொடுத்த ரசீது எங்கே?’ கேஷாகக் கொடுத்து, வாய்மொழியில் டைல்ஸ் மாற்றி, வாட்ஸ்அப்பில் குரல் செய்தி மட்டும் வைத்திருப்பவர் அங்கே திணறுவார். வேறு ஆளை வைத்து மீதியைக் கட்டத் தொடங்கும் முன், இருந்த நிலையை ஒரு பொறியாளரைக் கொண்டு அளந்து, படத்தோடு அறிக்கை வாங்கி வைப்பது அவசியம். பூசி மறைத்துவிட்ட குறையை நிரூபிப்பது கடினம்.

மற்ற ஊர்களில்

நம் உறவினர்கள் பிழைக்கப் போன ஊர்களைப் பாருங்கள். சிங்கப்பூரில் கட்டுநர் உரிமம் இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. இலங்கை 2014-ன் கட்டுமானக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தால் ஒப்பந்ததாரர் பதிவைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 5,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு உரிமம் வேண்டும். முன்பணம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கலிஃபோர்னியாவில் வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு முன்பணம் 1,000 டாலர் அல்லது 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுதான். அந்த ஊர்களிலும் ஏமாற்று நடக்கிறது. ஆனால் அங்கே ஏமாற்றியவர் இழப்பதற்கு ஓர் உரிமம் இருக்கிறது.

இங்கே அப்படியே அதைக் கொண்டுவந்தால் படிக்காத, திறமையான மேஸ்திரிகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. எழுத்துத் தேர்வு வைக்க வேண்டாம். சுயசான்று விண்ணப்பத்தில் கட்டுபவரின் பெயரையும் உறுதிமொழியையும் சேர்க்கச் சொல்லி, அந்தப் பெயரில் எத்தனை வீடு தொடங்கியது, எத்தனை முடிந்தது என்று ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே காட்டினால் போதும். மேஸ்திரிக்கு அவர் கட்டிய வீடுகளே சான்றிதழாகும். பத்து வீட்டைப் பாதியில் விட்டவர் பதினோராவது வீட்டுக்கு அட்வான்ஸ் கேட்கும்போது, கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்கும். அனுமதியைச் சுலபமாக்கிய அரசுக்கு இந்த ஒரு கட்டத்தைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

அது வரும்வரை உங்கள் ஒப்பந்ததாரருக்கு உரிமம் தருவதும் ரத்து செய்வதும் உங்கள் தவணைப் பட்டியல்தான். பூமி பூஜைக்கு நாள் குறிக்கும் முன்பே அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைக்கால் தோண்டிய பிறகு கேட்டால் யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.